விசுவாசமும் விடாமுயற்சியும்: புத்தளக் கரையோரத்தில் யோசேப் வாஸ் அடிகளின் பணிக்கான சமூக அடித்தளம்

ஈழத்துக் கத்தோலிக்க சமய வரலாற்றை எழுதப் புகுந்தோர் யாவரும் யோசேப் வாஸ் அடிகளுக்கு (1651–1711) முதன்மையானதோர் இடத்தை அளித்துள்ளனர். அது பொருத்தமானதே. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தடைக்கு உட்பட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவானவரின்றி வாழ்ந்த மக்களிடையே, ஐரோப்பிய அரசெதனதும் படைபலமின்றி வந்து, இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, கண்டியிலே உயிர் நீத்தவர் அவர். 1995 சனவரியில் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலில் புனிதராகவும் அவர் பிரகடனஞ் செய்யப்பட்டார். ஆயின், அவரைப் பற்றிய நூல்களிற் பெரும்பாலானவை அவருடைய விடாமுயற்சியை விசுவாசத்தின் நேரடி விளைவாக மட்டுமே காண்கின்றன. விசுவாசம் இருந்தது, ஆகவே விடாமுயற்சியும் இருந்தது என்பதே அவற்றின் தருக்கம்.

இத்தருக்கம் ஒரு வினாவை எழுப்ப இடந்தருவதில்லை. தேடப்படும் ஒருவர் இருபத்துமூன்று ஆண்டுகள் உயிரோடிருந்து பணியாற்ற வேண்டுமாயின் அவருக்கு நாள்தோறும் உணவளித்தவர் யார்? இரவில் வழி காட்டியவர் யார்? களப்பைக் கடக்கத் தோணி வலித்தவர் யார்? அவர் அடுத்த ஊருக்குச் சென்றபின் இந்த ஊரிலே செபம் சொல்வித்தவர் யார்? விசுவாசத்தை மறுப்பதற்காக இவ்வினாக்கள் கேட்கப்படவில்லை. விசுவாசம் எவ்வாறு அன்றாட வாழ்வாகியது என்பதை விளங்கிக்கொள்ளவே கேட்கப்படுகின்றன. இவற்றுக்கு விடை தேடுவதற்குப் புத்தளக் கரையோரத்தைக் காட்டிலும் தகுந்த களம் வேறில்லை எனலாம்.

1. இரு ஆட்சிகளுக்கு இடையிலான கரை

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலே அமைந்தது கண்டக்குழி. அதன் ஒருபுறம் திறந்த சமுத்திரம். தீபகற்பத்தின் மறுபுறம் புத்தளக் களப்பு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். காற்று மாறியபின் அது அமைதியடையும். இம்மாற்றத்துக்கு ஏற்ப மேற்குக் கரையோரத்துக் கடற்றொழிலாளர் இடம் பெயர்ந்து, வாடி அமைத்துத் தொழில் செய்து, மீண்டும் ஊர் திரும்புவர். ஓரிடத்தில் நிலையாக வேரூன்றிய வேளாண் சமூகத்தினின்றும் வேறுபட்ட வாழ்வு இது. நகர்வே இங்கு நியதி. அந்நியர் ஒருவர் வந்து சில நாள் தங்கிச் செல்வது இத்தகைய சமூகத்திற் புதுமையன்று.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பிரதேசத்தின் அரசியல் நிலையும் மனங்கொள்ளத்தக்கது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1659இல் கற்பிட்டியையும் கைக்கொண்டனர். 1667இல் அங்கு கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் நிறைவு செய்தனர். களப்பின் வாயிலைக் காவல் செய்து, கண்டி இராச்சியத்தின் கடல் வணிகத்தைக் கட்டுப்படுத்துவதே அக்கோட்டையின் நோக்கம். களப்பின் மறுகரையிலிருந்த புத்தளமோ கண்டி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலமே அக்கரையோரம் முறைப்படி ஒல்லாந்தரிடம் சென்றது. ஆகவே களப்பின் நீர்ப்பரப்பு இரு ஆட்சிகளுக்கிடையே ஓர் எல்லையாயிருந்தது. அதைத் தோணியிற் கடக்கலாம்.

புத்தளத்து உப்பு மலைநாட்டின் உயிர்நாடி. உப்பும் கருவாடும் பொதிமாட்டுத் தாவளங்களில் உள்நாட்டுக்குச் செல்ல, பாக்கு கரைக்கு வந்தது. இவ்வணிகத்தில் முஸ்லிம் வணிகரும் தமிழ் பேசும் கரையோரத்தவரும் ஈடுபட்டிருந்தனர். அரசியல் எல்லைகளை அறுத்துச் செல்லும் பாதைகளை மதம் புதிதாக உருவாக்கவில்லை; உப்பு அவற்றை முன்னரே உருவாக்கியிருந்தது. குருவானவர் அப்பாதைகளிலேதான் நடந்தார்.

2. தடையின் பொருளியல்

ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தமைக்கு இறையியல் வேறுபாடு மட்டும் காரணமன்று. கத்தோலிக்கரைப் போர்த்துக்கேயரின் மறைமுக ஆதரவாளராகக் கம்பனி கருதியது. குருமாருக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரணதண்டனை என 1658இலேயே கட்டளை பிறந்தது. அதனினும் வலிமை வாய்ந்தது பதிவேட்டு முறை. பிறப்பும் திருமணமும் பள்ளித் தோம்பிற் பதியப்பட்டன. சொத்துரிமைக்கும் உத்தியோகத்துக்கும் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. இதன் விளைவாகப் பகலில் தோம்பிற் பெயர் பதிந்து, இரவில் செபமாலை சொல்லும் இரட்டை வாழ்வு தோன்றியது. இதனைப் போலித்தனம் என்பது எளிது. ஆயின் காணியையும் தொழிலையும் காத்துக்கொண்டு தம் சமூக அடையாளத்தையும் காத்துக்கொள்ளச் சாதாரண மக்கள் கண்ட வழி இது என்று கொள்வதே வரலாற்று நோக்காகும்.

கம்பனியின் மதக்கொள்கைக்கும் அதன் இலாப நோக்கிற்கும் இடையே முரண்பாடு இருந்தது. தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பதற்குப் பரதவரின் உழைப்பு கம்பனிக்கு இன்றியமையாதிருந்தது. 1530களிற் கத்தோலிக்கரான அச்சமூகத்தினர் சீர்திருத்த மதத்தை ஏற்க மறுத்தபோது, கம்பனி அவர்களை வற்புறுத்த இயலாது விட்டுக்கொடுத்தது. உழைப்பு இன்றியமையாததாயிருந்த இடத்தில் விசுவாசத்துக்கு விலக்குக் கிடைத்தது என்பது கவனத்திற்குரியது.

3. வந்தவர் யார்?

யோசேப் வாஸ் கோவாவின் பெனோலிமிற் பிறந்தவர். கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பத்தவர். 1676இற் குருப்பட்டம் பெற்றவர். அக்காலத்தில் ஐரோப்பியத் துறவறச் சபைகள் இந்தியரைப் பெரும்பாலும் தம்முட் சேர்ப்பதில்லை. இந்நிலையிலேதான் கோவாவின் உள்நாட்டுக் குருமார் ஒரட்டோரியச் சபையை அமைத்தனர். 1685இல் வாஸ் அதிற் சேர்ந்தார். ஐரோப்பியச் சபைகளின் வாயிலை அடைத்த அதே நிறம், இலங்கையில் அவருக்குப் பாதுகாப்பாயிற்று. ஐரோப்பியக் குருவானவர் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தெருவில் ஒரு நாளும் மறைந்திருக்க முடியாது. கோவாக்காரர் ஒருவர் கந்தை உடுத்துப் பிச்சைக்காரராக வீடு வீடாகச் செல்ல முடிந்தது. குடியேற்றவாதம் தாழ்வாக வைத்ததே அதன் கண்ணில் மண்ணைத் தூவும் கருவியாயிற்று.

ஆயினும் இச்சபையும் தன் காலத்தின் முரண்பாடுகளுக்கு அப்பாற்பட்டதன்று. கோவா ஒரட்டோரியம் பிராமணரை மட்டுமே தன் உறுப்பினராகக் கொண்டிருந்தது. வாஸுடன் 1686இற் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்து, பின்னர் கண்டிச் சிறையிலும் அவருடனிருந்தவர் யுவான் என்னும் பணியாள். பூசைப் பொருட்களைச் சுமந்தவரும், நோயுற்ற குருவானவருக்குத் துணைநின்றவரும் அவரே. குருவானவரின் விடாமுயற்சிக்கு ஒரு பெயரும் பிறப்புத் திகதியும் திருநாளும் உள்ளன. பணியாளின் விடாமுயற்சிக்கு ஒரு பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. அதே பாதையில் அதே வெயிலில் நடந்த இருவரை வரலாறு இவ்வாறு பிரித்து வைத்திருப்பது தற்செயலானதன்று.

4. பணியின் அன்றாடம்

அடிகளின் வாழ்க்கை வரலாற்றை ஒரட்டோரியரான செபஸ்தியாவோ தோ ரேகோ எழுதி 1745இல் வெளியிட்டார். 20ஆம் நூற்றாண்டில் எஸ். ஜி. பெரேரா அடிகளார் ஒரட்டோரியரின் ஆவணங்களைத் தொகுத்து ஆய்வுக்கு வழி வகுத்தார். இம்மூலங்கள் பக்தி நோக்கில் அமைந்தவை. எனினும் அற்புதங்களை ஒருபுறம் வைத்துவிட்டு வாசிப்போமாயின், அவற்றினுள் உழைப்பின் வரலாறு ஒன்று தென்படுவதைக் காணலாம்.

யாழ்ப்பாணத்திற் செபமாலையைக் கழுத்தில் அணிந்து பிச்சை கேட்டுச் சென்ற அடிகள், அதனைக் கண்டு முகம் மாறுவோரைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பர். பின்னர் சில்லாலை அவருடைய இருப்பிடமாயிற்று. பகலில் மறைந்திருத்தல், இரவில் வீடொன்றிற் பூசை வைத்தல், பாவசங்கீர்த்தனம் கேட்டல், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தல், விடியுமுன் வேறொரு வீட்டுக்கு மாறுதல் என்பதே நாளொழுங்கு. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் கூடியிருந்த வேளையில் ஒல்லாந்தர் சுற்றிவளைத்தனர். குருவானவர் தப்பினார். அடிபட்டவரும் சிறைப்பட்டவரும் ஊர் மக்களே. அவர்களுள் சித்திரவதையினால் இறந்தோரும் உளர். மேற்கூறிய நாளொழுங்கு எத்தகைய விலையிற் பெறப்பட்டது என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

1690இல் அடிகள் புத்தளம் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் மறைந்து செய்ததை இங்கே வெளிப்படையாகச் செய்ய இயன்றது. கண்டி மன்னரின் நிலமாதலால் ஒல்லாந்தரின் கட்டளை இங்குச் செல்லவில்லை. புத்தளம் அடைக்கலப் பூமியாக விளங்கியமை அன்றோடு முடிந்துவிடவில்லை. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினரையும் இப்பிரதேசமே ஏற்றுக்கொண்டது. 1692இல் கண்டிக்குச் சென்ற அடிகள் போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியபோது நகரத்தார் நோயாளரை விட்டகன்றனர். அடிகளும் அவருடைய மருகர் யோசேப் கர்வாலோவும் நோயாளருக்கு உணவளித்து, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். இரண்டாம் விமலதர்மசூரியன் (1687–1707) அவருக்குப் பின்னர் அளித்த சுதந்திரத்தில் இத்தொண்டுக்கும் பங்குண்டு. ஒல்லாந்தருக்கு எதிரான அரச தந்திரத்துக்கும் பங்குண்டு.

விரிந்த இப்பரப்பைக் குருவானவர் சிலர் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருவதே அரிது. எஞ்சிய நாட்களில் விசுவாசத்தைப் பேணியவர் மூப்பரும் உபதேசியாரும் அண்ணாவியாருமே. ஞாயிறுதோறும் செபம் சொல்வித்தல், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுத்தல், மரித்தோரை அடக்குதல், வரப்போகும் குருவானவருக்கு ஊர்ச் செய்தியைச் சேர்ப்பித்தல் என்பன இவர்களுடைய கடமைகள். கடற்றொழிலாளராகவும் வணிகராகவும் வாழ்ந்தவர் செய்த ஊதியமற்ற உழைப்பு இது.

5. குருவானவர் இல்லாத இடத்தில் நூல்

இவ்விடத்திலேதான் சமய வரலாறு இலக்கிய வரலாறாகின்றது. 1705இல் மன்னாரில் வந்திறங்கிய யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் ஏறத்தாழ நாற்பது நூல்கள் இயற்றினார். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாங்கோபாங்க சுவாமி என வழங்குவர். தேவ அருள்வேத புராணம், வியாகுலப் பிரசங்கம் முதலியன அவருடைய தமிழ் நூல்கள். வீரமாமுனிவரின் (1680–1747) சமகாலத்தவராயினும், தமிழிலக்கிய வரலாறுகளில் வீரமாமுனிவர் பெற்ற கவனத்தில் ஒரு சிறு பகுதியைத்தானும் இவர் பெறவில்லை.

கடற்கரைத் தமிழில் அச்சு உரைநடை 1578இற் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தோடு தொடங்கிவிட்டது. ஆயினும் ஒரட்டோரியரிடம் அச்சுக்கூடம் இருக்கவில்லை. நூல்கள் கையாற் படியெடுக்கப்பட்டே ஊர்களுக்குச் சென்றன. படியெடுத்தவரும், அப்படியைப் பாதுகாத்தவரும், எழுத்தறியாதாருக்கு அதை இராகத்தோடு வாசித்துக் காட்டியவரும் உள்ளூரவரே. பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக விரிக்கும் வியாகுலப் பிரசங்கம் தபசு காலத்தில் ஆலயத்தில் ஓதப்படுவது. அது மௌனமாகப் படிப்பதற்கு எழுதப்பட்டதன்று. கூட்டமாகக் கேட்டு அழுவதற்கு எழுதப்பட்டது. அதன் உரைநடை ஒப்பாரியின் ஓசையைத் தழுவிச் செல்வதற்குக் காரணமும் அதுவே. கடலிற் கணவனையும் மகனையும் இழந்த பெண்டிருக்கு மகனை இழந்த தாயின் புலம்பல் அந்நியமானதன்று. சமயம் துன்புறுவோரின் பெருமூச்சு என்னும் கருத்தை 1844இல் மார்க்ஸ் வெளியிட்டபோது சுட்டியதும் இவ்வகை உண்மையையே. அவருடைய கூற்றில் அபின் என்னும் சொல்லை மாத்திரம் நினைவிற் கொள்வோர் இதைத் தவறவிடுகின்றனர்.

எனவே வியாகுலப் பிரசங்கத்தை ஒரு தனி ஆசிரியரின் ஆக்கமாக மட்டும் நோக்குதல் போதாது. குருவானவர் வர இயலாத ஊரில் குருவானவரின் குரலாக ஒலிக்க வேண்டும் என்னும் சமூகத் தேவையே அவ்வுரைநடையின் வடிவத்தை நிர்ணயித்தது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, யோசேப் வாஸ் அடிகளின் விடாமுயற்சி ஒரு தனிமனிதரின் உளப்பண்பு மாத்திரமன்று என்பது தெளிவு. உப்பு வணிகத்தின் பாதைகள், இரு ஆட்சிகளுக்கு இடையிலான நீரெல்லை, நகர்வைத் தொழிலாகக் கொண்ட கடற்றொழிற் சமூகம், அடைக்கலம் கொடுத்துத் தண்டனையை ஏற்ற குடும்பங்கள், ஊதியம் பெறாத மூப்பரும் அண்ணாவியாரும் ஆகிய யாவும் சேர்ந்தே அதனைச் சாத்தியமாக்கின. இவ்வாறு கூறுவது அடிகளின் பெருமையைக் குறைப்பதாகாது. வசதியான வாழ்வைத் துறந்து, எளியவரின் கந்தையை உடுத்து, அவர்களுடைய மொழியைக் கற்று, அவர்கள் இட்டதை உண்டு வாழ்ந்தமையினாலேயே அம்மக்கள் தம்மிடமிருந்த யாவற்றையும் அவருக்காக இழக்கத் துணிந்தனர்.

இவ்வாய்வுக்கு உடனடித் தேவை ஒன்றுமுண்டு. கற்பிட்டியிற் பிறந்து, 1834இல் இலங்கை விவரத் திரட்டையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியின் (1807–1860) காலத்தில், புத்தளம் முதல் நீர்கொழும்பு வரையான கரையோரத்தில் தமிழ் பரவலாக வழங்கியது. 20ஆம் நூற்றாண்டிற் பள்ளிக்கூட மொழி மாறியதோடு அக்கரையோரத்தின் பல ஊர்களில் தமிழ் வீட்டுமொழி என்னும் நிலையை இழந்தது. செபத்திலும் தபசுகால ஓதலிலுமே பழைய தமிழ் சில இடங்களில் எஞ்சியது. கண்டக்குழியிலும் அதனையொத்த கரையோர ஊர்களிலும் வீடுகளிலும் ஆலயங்களிலும் எஞ்சியிருக்கக்கூடிய கையெழுத்துப் படிகளும், முதியோர் நினைவிலுள்ள ஓதல் முறைகளும் தேடித் தொகுக்கப்படுதல் வேண்டும். அரச ஆவணங்களிற் குற்றவாளிகளாக மட்டும் இடம்பெற்ற மக்கள், தம் குரலைப் பதித்துச் சென்ற இடங்களுள் அவை முக்கியமானவை. புனிதரின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. அவரைக் காத்தவர்களின் வரலாறே இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது.