கராத்தே பிறந்த கதை

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், மூத்தவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரில் நின்று கராத்தே எங்கே பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். காஞ்சிபுரத்தில் என்று சொல்ல ஒருவராவது இருப்பார். போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோனார், சீனாவிடமிருந்து ஜப்பான் எடுத்துக்கொண்டது என்பார். 2011இல் போதிதர்மரை வைத்து ‘7ஆம் அறிவு’ படம் வந்தபின் இந்தக் கதைக்கு இன்னும் பலம் கூடிவிட்டது.

போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து வந்த துறவி என்று சீனப் பழைய நூல்கள் சில சொல்கின்றன. ஆனால் அவர் சண்டைக்கலை கற்பித்ததாக அவற்றில் இல்லை. அந்தக் கதைக்கு வேர், போதிதர்மர் பெயரில் வழங்கும் ‘யிஜின் ஜிங்’ என்ற உடற்பயிற்சி நூல். 1624ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்நூலுக்கும் போதிதர்மருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அதன் பழமை போலியானது என்று சீன வரலாற்றாசிரியர் டாங் ஹாவோ எப்போதோ காட்டிவிட்டார். பெருமை தருகிறது என்பதற்காக ஒரு கதையைப் பிள்ளைகளுக்கு வரலாறாகக் கொடுக்கக் கூடாது. அதுவும், உண்மைக் கதையிலேயே தமிழர் வந்துபோகும்போது.

கராத்தே பிறந்தது ஒக்கினாவாவில். அப்போது அது ரியூக்யு என்ற தனி அரசு. கடல் வணிகத்தில் வாழ்ந்த சிறு தீவுக்கூட்டம். சீனத்துறைமுகமான ஃபூச்சோவுக்குப் போய்வந்தவர்கள் அங்கு கற்ற அடிமுறைகளை உள்ளூர்க் கைச்சண்டையோடு சேர்த்தார்கள். அதே ரியூக்யு கப்பல்கள் 15ஆம் நூற்றாண்டில் நம் மலாக்காவுக்கும் வந்தன. மலாக்கா சுல்தானுக்கு ரியூக்யு மன்னர் அனுப்பிய கடிதங்களின் படிகள் இன்றும் இருக்கின்றன. மலாக்காவில் ஷாபந்தர் என்ற துறைமுக அதிகாரிகள் நால்வர். தமிழ் வணிகர்களைக் கவனிக்க ஒருவர். சீனா, சம்பா, ரியூக்யு கப்பல்களைக் கவனிக்க இன்னொருவர். போர்த்துக்கீசியரான தோமே பிரெஸ் தமிழரையும் ரியூக்யுக்காரரையும் ஒரே நூலில் எழுதிவைத்திருக்கிறார். மலாக்காவில் சண்டைக்கலை கைமாறியது என்பதற்குச் சான்றில்லை. ஆனால் கராத்தேயைப் பெற்ற மக்களும் நம் முன்னோரும் ஒரே துறைமுகத்தில் சரக்கு இறக்கினார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. எனக்கு அது போதும்.

1879இல் ஜப்பான் ரியூக்யுவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. மறைவாகக் கற்றுவந்த கலையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் இட்டோசு அன்கோ. சிறுவர்களுக்கென்றே அவர் அமைத்த ஐந்து கத்தாக்களை, அதாவது அடிவரிசைகளைத்தான், பாணிக்குப் பாணி பெயர் மாறினாலும், இன்று உலகெங்கும் பல பாணிகளில் தொடக்கநிலைப் பிள்ளைகள் பழகுகிறார்கள். அவருடைய மாணவர் ஃபுனகோஷி கிச்சின் 1922இல் தோக்கியோவில் இதைச் செய்துகாட்டினார். வெள்ளை உடையும் கறுப்புப் பட்டையும் ஜூடோவிலிருந்து வந்தவை. ஷோத்தோகான், கோஜு, ஷித்தோ, வாடோ என்ற பாணிகள் 1930களில் தனித்தனிப் பெயரோடு நிலைபெற்றன. போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு பக்கம், ஜப்பான் அனுப்பிய ஆசிரியர்கள் மறுபக்கம் என்று கலை உலகமெங்கும் போனது.

மலாயாவுக்குக் கராத்தே வந்த வழி வேறு. ஜப்பான்காரன் காலம் என்றாலே நம் குடும்பங்களில் சயாம் மரண ரயில்தான் நினைவுக்கு வரும். அந்த ரயில்பாதை போடத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. அந்தக் காலத்தில்தான் சியூ சூ சூட் என்ற இளம் பளுதூக்கும் வீரரை ஒரு ஜப்பானிய இராணுவ அதிகாரி தேடிவந்து கராத்தே கற்பித்தார் என்று சியூவின் மாணவர் மரபு சொல்கிறது. பதிலுக்கு இவர் பளுதூக்கக் கற்றுக்கொடுத்தாராம். போர் முடிந்தபின் ஜப்பானுக்கும் ஒக்கினாவாவுக்கும் போய்க் கற்றுத் திரும்பிய சியூ, 1966இல் பெட்டாலிங் ஜெயாவில் கராத்தே பூடோகான் பள்ளியைத் திறந்தார். அது நாடு முழுக்கக் கிளைவிட்டு, ஆஸ்திரேலியா வரை போனது.

மரண ரயிலுக்கு ஆள் கொடுத்த சமூகத்தின் பேரப்பிள்ளைகள் இந்தக் கலையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இதை நான் பெரிய மனம் என்றே சொல்வேன். பி. அறிவழகனும் ஆர். புவனேஸ்வரனும் மலேசியாவுக்காகக் கராத்தே களத்தில் நின்றவர்கள்.

பினாங்கில் கராத்தே சொல்லித்தரும் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் கத்தாவைத் தொடங்கும் நாளில் பிள்ளைகளிடம் இட்டோசுவின் பெயரைச் சொல்லுங்கள். ஒக்கினாவாவை வரைபடத்தில் காட்டுங்கள். அங்கிருந்து மலாக்காவுக்கு வந்த கப்பல்களைப் பற்றியும் சொல்லுங்கள்.