சப்ரகமுவத் தோட்டங்களும் மாணவர் தொண்டும்

மாணவர் தொண்டுச் சங்கங்களிற் சேர்வது ஏன் என்ற வினாவுக்குப் பொதுவாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. பிறர்க்குதவும் உள்ளம் ஒன்று. தலைமைப் பயிற்சி, பொது அறிமுகம், தொழில் தேடும்போது காட்டக்கூடிய சான்றிதழ் ஆகியவற்றால் வரும் பயன் மற்றொன்று. இவ்விரண்டையும் பொய்யெனத் தள்ளிவிட முடியாது. ஆயினும் தொண்டு நிகழ்ந்த இடத்தைப் பற்றி இரண்டும் ஒன்றும் சொல்வதில்லை. எந்த ஊருக்கு மாணவர் சென்றனர், அவ்வூரின் எந்த எல்லையில் நின்றுவிட்டனர், திரும்பி வரும்போது எதனைக் கற்று வந்தனர் என்று கேட்கத் தொடங்கினால் விடை வேறாகின்றது. இவ்வகையில் நோக்குவதற்கு இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணமும், அங்கு தேயிலைக்கும் றப்பருக்குமாகக் குடியேற்றப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் வாழ்வும் தகுந்த களமாகும்.

மாணவர் தொண்டு இயக்கத்தின் தோற்றுவாயாக 1884இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் நிறுவப்பட்ட டொயின்பி மண்டபத்தைக் குறிப்பிடுவது வழக்கம். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பயின்ற இளைஞர் ஏழைத் தொழிலாளர் நடுவே சென்று குடியிருந்தனர். அதனைக் கண்டு சிக்காகோ நகரில் ஹல் இல்லத்தை 1889இல் தொடங்கிய ஜேன் அடம்ஸ், 1892இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் துணிந்து ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: இத்தகைய இல்லங்கள் ஏழைகளுக்கு எவ்வளவு வேண்டியனவோ, அவ்வளவு கற்ற இளைஞர்க்கும் வேண்டியன, கற்றதைச் செயலிற் காட்ட வழியின்றி அவர்கள் வாடுகின்றனர் என்பது அவர் கருத்து. தொண்டரின் தேவையை மறைக்காது பேசிய அந்த நேர்மை இன்றைய சங்க அறிக்கைகளில் அரிதாகவே காணக்கிடக்கின்றது.

சப்ரகமுவவில் கற்ற இளைஞர் பெருந்தொகையாகத் தொண்டுக்கென இறங்கிய முதற் பெரு நிகழ்ச்சி 1934-35 மலேரியாக் கொள்ளை நோயோடு தொடர்புடையது. மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கியபோது நுளம்பு பெருகியது. அக்கொள்ளை நோயால் நாடெங்கும் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் மாண்டனர் என்பர்; மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. அக்காலத்தில் வாலிபர் சங்கங்களைச் சார்ந்த இளைஞர் சூரிய மல் இயக்கத்தை நடத்தி வந்தனர். ஆண்டுதோறும் நவம்பர் 11இல் விற்கப்பட்ட பொப்பி மலரின் வருவாயிற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றமையால், அதற்கு எதிராக உள்ளூர்ப் பூவரசம் பூவை விற்ற இயக்கம் அது. நோய் பரவியதும் அவ்விளைஞர் மருந்தும் உணவும் சுமந்து கேகாலைக் கிராமங்களுக்குச் சென்றனர். இலண்டனிற் கற்றுத் திரும்பியிருந்த கலாநிதி என். எம். பெரேரா பருப்புப் பங்கிட்டமையால் 'பருப்பு மாத்தையா' என்று ஊரவரால் அழைக்கப்பட்டார். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இப்பணியில் முன்னின்றார்.

இதனால் அவர்கள் பெற்ற பயன் யாது? நோயைக் காணச் சென்றவர்கள் வறுமையைக் கண்டனர். கொயினா கொடுத்தும் உடல் தேறாமைக்குப் பசியே காரணம் என்பதும், பசிக்குக் காரணம் நிலமும் ஆட்சியும் என்பதும் அவர்களுக்குத் தெளிவாயின. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் றுவான்வெல்லைத் தொகுதியில் என். எம். பெரேரா வென்று அரசாங்க சபைக்குச் சென்றார். தொண்டு அரசியலுக்கு ஏணியாயிற்று என்று இதனைக் குறைகூறுவாரும் உளர். பருப்புப் பங்கிட்டவர் அத்தோடு நின்றிருந்தால் அதனினும் நன்றாயிருந்திருக்கும் என்று அவர்கள் கருதுவார்களாயின், அக்கருத்தை ஏற்பது கடினம்.

ஆனால் அவர்தம் பணி பெரும்பாலும் கிராமங்களோடு நின்றது. அக்காலத் தோட்டம் பொதுமக்கள் நினைத்தபோது நுழையும் இடமன்று. துரையின் அனுமதியின்றி உட்சென்றவர் அத்துமீறியவராகக் கருதப்பட்டார். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் புகுந்தார் என்று சொல்லப்படுவது இதனாலேயே. சப்ரகமுவவின் நில அமைப்பு இத்தடையை இன்னும் விசித்திரமாக்கியது. நுவரெலியா மாவட்டத்தைப் போலத் தோட்டங்கள் அங்கு மலைத்தொடர் முழுவதும் தொடர்ந்து கிடக்கவில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய பகுதிகளிற் சிங்களக் கிராமங்களுக்கிடையே அவை சிதறிக் கிடக்கின்றன. லயத்தின் கோடியில் நின்று பார்த்தால் கிராமத்து வயல் தெரியும். இரு சாராரும் ஒரே கடையிற் சாமான் வாங்குவர். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இரு மொழியும் சரளமாகப் பேசுவர். எனினும் கிராமத்துக்கு வரும் தொண்டர் தோட்டத்து எல்லையிற் திரும்பிவிடுவது வழக்கமாயிற்று.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த எல்லையை மேலும் உறுதிப்படுத்தியது. தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் முடிவு பத்தாண்டுகள் ஒத்திவைக்கப்பட்டு, 1974இற் சரிபாதியாகப் பகிரப்பட்டது. தன் பெயர் எந்தப் பட்டியலில் வருமென அறியாதிருந்தவனிடம் சமூக முன்னேற்றம் பற்றிப் பேசுவது எத்துணைப் பொருத்தமற்றது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவரும் ஆசிரியரும், ஏ. ரி. ஆரியரத்ன என்னும் இளம் ஆசிரியரின் தலைமையில், குருணாகல் மாவட்டத்துக் கனதொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்று தங்கினர். அது சாதி அமைப்பின் அடித்தளத்திற் தள்ளப்பட்ட ரொடி சமூகத்தாரின் ஊர். அங்கே கிணறு தோண்டினர், வழிசெய்தனர், அதனினும் முக்கியமாக, அவர்களோடு உடனிருந்து உண்டனர். சர்வோதய சிரமதான இயக்கம் அவ்வாறு தொடங்கியது. நகரத்து மாணவன் கிராமத்துக்குக் கொடுப்பதைவிடக் கிராமத்திலிருந்து பெறுவதே மிகுதி என்பது அதன் அடிப்படை எண்ணங்களுள் ஒன்று. அதே ஆண்டு மே மாதத்தில் இனக்கலவரம் நிகழ்ந்திருந்தது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சாதியென்னும் சுவரைத் தாண்டிய மாணவரைப் பாராட்டும்போதே, கனதொலுவவுக்கு அயல் மாவட்டமான கேகாலையின் லயங்கள் நாடற்றோரின் இருப்பிடங்களாகக் கிடந்தன என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

சிரமதானத்தின் இயல்பிலேயே ஒரு தடை இருந்தது. கிராமத்துப் பாதை ஊருக்குரியது. ஊரவர் கூடி அதனைத் திருத்தலாம். தோட்டத்துப் பாதையும் லயமும் கிணறும் நிருவாகத்துக்குரியன. 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும் இந்நிலை மாறவில்லை. அவ்வாண்டுகளில் தோட்டங்களில் நிலவிய பஞ்சத்தில் மக்கள் மடிந்தபோது நிதி அமைச்சராயிருந்தவர் அன்றைய 'பருப்பு மாத்தையா'வே என்பது வரலாற்றின் கசப்பான முரண்களுள் ஒன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக விளங்கியது. அப்பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்துப் பாதையிற் குழி நிரப்பிய எந்தத் தொண்டனும், அக்குழி ஏன் ஆண்டுதோறும் திரும்பத் தோன்றுகின்றது என்று கேட்டிருந்தால் இச்சட்டத்தை வந்தடைந்திருப்பான்.

தமிழ் மாணவர் சப்ரகமுவத் தோட்ட மக்களை நெருங்கியறிந்தது தோட்டங்களிலன்று, வவுனியாவிலேயே. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் தோட்ட மக்களும் தாக்கப்பட்டனர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்திற் காவத்தை, இறக்குவானை முதலிய பகுதிகளின் தோட்டங்கள் மீண்டும் தாக்குதலுக்குள்ளாகின. லயங்கள் எரிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் வாழ்ந்தவர்கள், தாம் ஒருபோதும் கண்டிராத வடக்கின் வரண்ட காடுகளை நோக்கிப் புறப்பட்டனர்.

அவர்களைக் குடியமர்த்திய அமைப்புகளுள் காந்தியம் முதன்மையானது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், வவுனியாவில் மருத்துவராயிருந்த எஸ். இராசசுந்தரம் ஆகிய இருவரும் 1970களின் பிற்பகுதியில் அதனைக் கட்டியெழுப்பினர். காடு வெட்டிப் பண்ணைகள் அமைக்கப்பட்டன. சிறுவர்க்குப் பாலர் பாடசாலைகள் திறக்கப்பட்டன. நடமாடும் மருத்துவ சேவை நடந்தது. மாணவரும் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர் யுவதிகளும் அதன் தொண்டராயினர். யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதுவரை 'தோட்டக்காட்டான்' என்பது வீட்டில் வேலைசெய்த சிறுவனைச் சுட்டும் இழிசொல்லாகவே இருந்தது. பண்ணையில் ஒரே கொட்டிலில் உண்டு உறங்கியபோது அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறும் ஒரு தொழில் நுட்பமும் ஒரு மொழிவழக்கும் இருப்பதை அறியும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டியது. கனதொலுவவிற் சிங்கள மாணவர்க்கு நேர்ந்தது இதுவே. தன் சமூகத்தின் இழிசொல்லைத் தன் வாயிலேயே கண்டுகொள்வதைவிடப் பெரிய பயன் தொண்டிற் சேரும் மாணவனுக்கு வேறில்லை எனலாம்.

இப்பயனுக்கு விலையும் இருந்தது. தொண்டருட் சிலர் ஆயுத இயக்கங்களோடு தொடர்புகொண்டிருந்தனர். அரசோ அமைப்பு முழுவதையும் ஐயத்தோடு நோக்கியது. 1983 ஏப்ரலில் டேவிட்டும் இராசசுந்தரமும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 25ஆம், 27ஆம் தேதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாளில் இறந்தவர்களுள் இராசசுந்தரமும் ஒருவர். டேவிட் உயிர்தப்பினார், மட்டக்களப்புச் சிறை உடைக்கப்பட்டபோது வெளியேறி, நீண்ட காலம் தமிழகத்தில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் மறைந்தார்.

காந்தியத்தின் தியாகத்தைப் போற்றுவதோடு அதன் விளைவையும் ஆராய்வது நேர்மையாகும். குடியேறியவர்கள் எல்லைப்புறத்தில் இருத்தப்பட்டனர். போர் மூண்டதும் முதலில் இடம்பெயர்ந்தவர்கள் அவர்களே. நிலவுரிமைப் பத்திரம் பெறாதோர் பலர். பிறர் காணிகளிற் கூலிக்கு உழைத்தோர் பலர். 2009இல் வன்னியின் இறுதிப் போரில் அழிந்தவர்களுள் மலையக வழித்தோன்றல்கள் கணிசமானோர். தொண்டர்கள் இவ்விளைவை விரும்பியிருக்கவில்லை. ஆனால் அடைக்கலம் கொடுத்தவர்களும், குடியேறப்போகும் இடத்தைப் பற்றி அகதியின் எண்ணம் யாதென்று போதிய அளவு கேட்டதாகத் தெரியவில்லை. சப்ரகமுவவுக்கே திரும்பிச் சென்று, எரிந்த லயத்தை மீண்டும் கூரையிட்டு வாழ்ந்தவர்களும் இருந்தனர். அவர்களுக்குத் துணைநின்ற மாணவர் இயக்கமென எதனையும் எடுத்துக்காட்டுதல் அரிது.

2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் இரண்டு மண்சரிவுகள் நிகழ்ந்தன. அரநாயக்கவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். புலத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்தில் லயக் குடியிருப்பின்மேல் மண் சரிந்தது. நிவாரணப் பொருள் திரட்டிய மாணவரின் வாயில் அரநாயக்கவின் பெயரே பெரிதும் ஒலித்தது. உயிரிழப்பின் அளவு அதற்கு ஒரு காரணம். வேறு காரணமும் உண்டு. கிராமத்தில் வீடிழந்தவனுக்குக் காணியாவது இருந்தது. லயத்தில் அறையிழந்தவனுக்கு இழப்பதற்கும் காணி இருந்ததில்லை. மறுபடி கூரையமைக்க நிருவாகம் நிலம் விடவேண்டும். உலர் உணவுப் பொதி கொண்டுசென்ற மாணவன் இவ்வேறுபாட்டைக் கண்டிருப்பானாயின், நிவாரணப் பட்டியலில் எழுதாத ஒன்றைக் கற்றுத் திரும்பியிருப்பான்.

பலாங்கொடைக்கு அப்பால் பெலிகுல்ஓயாவில் 1995இற் பல்கலைக்கழகமாக்கப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தைச் சூழவும் தோட்டங்களே. ஆயினும் இம்மாகாணத்திற் தமிழ்மொழிமூலம் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைக் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சிலவே. பல்கலைக்கழக அனுமதிக்கான பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இரத்தினபுரி இடம்பெற்றது, கேகாலை இடம்பெறவில்லை. மாவட்டச் சராசரியைக் கொண்டு கணிக்கும்போது லயத்துப் பிள்ளையின் நிலை நகரத்துப் பாடசாலையின் நிழலில் மறைந்துபோகின்றது.

இத்தடைகளைத் தாண்டிப் பல்கலைக்கழகம் புகுந்த தோட்டத்துப் பிள்ளைகள் விடுமுறைக்குச் செல்லும்போது சாதாரண தர, உயர்தர மாணவர்க்கு வகுப்பெடுக்கும் வழக்கம் மலையகம் எங்கும் உண்டு. கோயில் மண்டபமோ, பிள்ளைக்காம்பராவோ, மாலையில் வெறிச்சோடிய பாடசாலையோ வகுப்பறையாகின்றது. இவ்வகுப்புகளிற் பலவற்றுக்குப் பதாகை இல்லை, புகைப்படமும் இல்லை. கற்பிப்பவள் அந்த லயத்தையே சேர்ந்தவள் ஆதலால், அவளுக்குத் துரையின் அனுமதி வேண்டியதில்லை. தாக்குதல் நடந்த ஆண்டைத் தாத்தா வாயாற் கேட்டவள். எந்தப் பிள்ளை ஏன் வகுப்புக்கு வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தவணை தொடங்கியதும் அவள் பேருந்தேறிவிட, வகுப்பு அடுத்த விடுமுறைவரை நின்றுபோகின்றது. இடைப்பட்ட மாதங்களுக்கு அவளிடத்தில் நிற்க ஆள் வேண்டும். அயலூரிலிருந்து வரும் சங்கத்து மாணவர்க்கு அங்கே காத்திருக்கும் வேலை அது.