ரத்தக் குழாயின் உள்தோல் பேசிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

தமனி, சிரை, தந்துகி என்று வகுப்பில் படித்தது நினைவிருக்கும். இம்மூன்றின் உட்புறத்திலும் ஒரே ஒரு செல் கனத்தில் ஓர் உறை உண்டு. எண்டோதீலியம் என்பார்கள், நாம் உள்தோல் என்று வைத்துக்கொள்வோம். நெடுங்காலம் இதைச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு போலத்தான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள்.

அதை மாற்றியவர் நியூயார்க் புரூக்ளினில் ஆய்வு செய்த ராபர்ட் ஃபர்ச்காட். அசிட்டைல்கோலின் என்ற பொருள் உயிருள்ள உடலில் ரத்தக் குழாயை விரிக்கும். ஆனால் அவர் வெட்டி வைத்த முயல் தமனித் துண்டுகளையோ அது சுருக்கியது. 1978-இல் வேறு முறையில் வெட்டிய துண்டு தளர்ந்து கொடுத்தது. ஏன் என்று தேடினார். பழைய முறையில் வெட்டும்போது உள்தோல் உரசி அழிந்துபோயிருந்தது! வேண்டுமென்றே உரசிப் பார்த்தார், தளர்வு நின்றுபோனது. 1980-இல் சவாட்ஸ்கியுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். தசையைத் தளர்த்தும் ஏதோ ஒன்றை உள்தோல்தான் சுரக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பிறகு தெரிந்தது. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, உயிரோடு இருக்கும் மனிதரிடம் இதை எப்படிச் சோதிப்பது? 1986-இல் பாஸ்டன் மருத்துவர்கள் இதயத் தமனிக்குள்ளேயே குழாய் விட்டு அசிட்டைல்கோலின் செலுத்தினார்கள். நல்ல குழாய் விரிந்தது. கொழுப்பு படிந்த குழாய் சுருங்கியது. ஆனால் நோயே இல்லாத ஒரு குழந்தையின் இதயத்தில் இப்படிக் குழாய் விட முடியுமா?

1992-இல் லண்டனில் டேவிட் செலர்மேஜர், ஜான் டீன்ஃபீல்டு குழுவினர் எளிய வழி ஒன்றை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, ஏறக்குறைய ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவது. அவிழ்த்ததும் மதகு திறந்தாற்போல ரத்தம் பாயும். அந்த உராய்வை உள்தோல் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும், தமனி விரியும். எவ்வளவு விரிந்தது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். பிறகு நைட்ரோகிளிசரின் கொடுத்தும் அளப்பார்கள். அது உள்தோலைக் கேட்காமல் நேராகத் தசையைத் தளர்த்தும். மருந்துக்கு விரிந்து, ஓட்டத்துக்கு விரியாவிட்டால் பழுது உள்தோலில்தான்.

புகைப்பவர்களிடமும், பரம்பரையாகக் கொலஸ்டிரால் மிகுந்த குழந்தைகளிடமும் ஓட்டத்துக்கான விரிவு மிகக் குறைந்திருந்தது அல்லது இல்லவே இல்லை. நெஞ்சுவலி என்றால் என்னவென்றே அறியாத குழந்தைகள்!

1996-இல் வந்த இன்னோர் ஆய்வுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. செலர்மேஜர் குழுவினர் 15 முதல் 30 வயது வரையுள்ள 78 பேரைச் சோதித்தார்கள். புகைப் பழக்கமும் இல்லாமல், பிறர் புகையையும் சுவாசிக்காதவர்களின் தமனி சராசரியாக 8.2 சதவீதம் விரிந்தது. புகைப்பவர்களுக்கு 4.4. தாம் புகைக்காமல், பிறர் விடும் புகையைத் தினமும் சுவாசித்தவர்களுக்கு வெறும் 3.1.

"எங்கே சார் இந்த டெஸ்ட் எடுக்கலாம்?" என்று கேட்பீர்கள். தேட வேண்டாம். தமனியின் அகலமே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அதில் சிறு மாற்றத்தை அளக்க வேண்டும். அளப்பவரின் கைப்பழக்கம், சாப்பாடு, காபி எல்லாம் கணக்கை மாற்றும். குழுக்களை ஒப்பிடும் ஆராய்ச்சிக்கு ஏற்ற கருவி இது. நமக்கு பிரஷர், சர்க்கரை, கொலஸ்டிரால் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

புகைக்கும் பிள்ளைகளே, உங்களை வகுப்பில் போல அதட்ட எனக்கு இப்போது உரிமையில்லை. ஆனால் ஹாலில் நீங்கள் விடும் புகை, பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதும் குழந்தையின் ரத்தக் குழாய்க்கும் போகிறது. விட முயலுங்கள். உதவி வேண்டுமென்றால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்