தொண்டைக்குள் கண்ணாடி விட்ட பாட்டு வாத்தியார்

பாட்டு கற்றுக்கொள்ளும் நண்பர்களுக்கு டிப்ஸ் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மிளகு, தேன், விடியற்காலை சாதகம்... எனக்குப் பிடித்த டிப்ஸ் 1841-ல் பாரிஸில் ஒரு வாத்தியார் கொடுத்தது. பெயர் மானுவேல் கார்சியா.

1805-ல் பிறந்த ஸ்பானியர். அப்பா பேர்பெற்ற ஓபரா பாடகர். தங்கை மரியா மாலிபிரான் அவரையும் மிஞ்சியவர். இவருக்குத்தான் குரல் கைகொடுக்கவில்லை. 1825-ல் அப்பாவின் குழுவோடு நியூயார்க் போய்ப் பாடினார். ஓய்வில்லாமல் பாடியதில் குரல் கெட்டு, இருபதுகளிலேயே மேடைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வாத்தியார் ஆனார்.

அவரிடம் வந்து சேர்ந்தவர் ஜென்னி லிண்ட். ஸ்வீடனின் முன்னணிப் பாடகி, வயது இருபதுதான். பாடிப் பாடியே குரல் போயிருந்தது. கார்சியா ஒரு பயிற்சியும் தரவில்லை. ஆறு வாரம் பாடவே கூடாது, பேச்சையும் குறைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்! மேடையில் கைத்தட்டல் வாங்கியவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் இருந்தார். பிறகு வாரம் இரண்டு வகுப்பு. ஸ்வரங்களை ஏற்றி இறக்கி மெதுவாக, இன்னும் மெதுவாக... நம்மூர் சரளி வரிசை முதல் காலம் மாதிரியே. 1842-ல் ஊர் திரும்பினார். 1850-ல் அமெரிக்கா போனபோது அவர் கச்சேரி டிக்கெட்டை ஏலம் விட்டார்கள் என்றால் பாருங்கள்.

கார்சியாவுக்கு ஒரே ஏக்கம்: குரல் உண்டாகும் இடத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும். 1854-ல் பல் டாக்டர்கள் வைத்திருக்கும் நீளக் கைப்பிடிக் கண்ணாடி ஒன்றை ஆறு பிராங்குக்கு வாங்கினார். வெந்நீரில் சூடாக்கி (இல்லாவிட்டால் மூச்சுப் பட்டு மங்கிவிடும்) துடைத்து, உள்நாக்கில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பினார். குரல் நாண்கள் தெரிந்தன! மூச்சு விடும்போது விலகுகின்றன, பாடும்போது சேர்கின்றன. 1855-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசிக்கப்பட்டது. இதில் அதிகம் லாபம் பார்த்தது பாடகர்கள் அல்ல, தொண்டை டாக்டர்கள் என்பது என் கருத்து (காமர்ஸ் மாணவனுக்கு லாபக் கணக்குதானே வரும்!).

அவர் சொன்ன ஒன்று மட்டும் வம்பில் மாட்டியது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாண்களைச் சுத்தமாகச் சேர்த்துத் தொடங்கவேண்டும் என்றார். இருமல் மாதிரி முட்டக்கூடாது என்றும் எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டுப் பலர் முட்டினார்கள். தொண்டை கெட்டது, பழி அவர் மேல் விழுந்தது. அவரோ 101 வயது வாழ்ந்து 1906-ல்தான் போனார்.

1894-ல் வந்த அவருடைய 'ஹின்ட்ஸ் ஆன் சிங்கிங்' கேள்வி-பதில் வடிவில் இருக்கும். காப்புரிமை முடிந்துவிட்டதால் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். மேற்கத்திய நொட்டேஷன் தெரியாதவர்கள் மூச்சைப் பற்றிய பக்கங்களிலிருந்து ஆரம்பிக்கலாம்.