அகத்தியருக்குத் தமிழ் சொன்னவர் வெல்லவாயவில நிற்கிறார்

எல்லவுக்குப் போகிற எங்கட ஆட்கள் ஒன்பது வளைவுப் பாலத்தில செல்ஃபி எடுத்துப்போட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். நாங்கள் மலை இறங்கி வெல்லவாயவுக்குப் போனோம். அங்கிருந்து ஓட்டோ பிடித்து புதுருவகல.

புத்தர் சிலை என்றதும் கூட வந்த நண்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீ போய்ப் பாரடா, நான் ஓட்டோவில இருக்கிறன்." அவனைக் குறை சொல்ல ஏலாது. வடக்குக் கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு, ஒரு புத்தர் சிலை திடீரென்று முளைத்தால் அடுத்தது காணிப் பிரச்சினை என்றுதான் மனம் கணக்குப் போடும்.

மரங்களுக்கிடையில் நடந்தால் பாறை சட்டென்று முன்னால் எழும்பி நிற்கிறது. அதிலே செதுக்கிய ஏழு உருவங்கள். நடுவில் புத்தர், கிட்டத்தட்ட 51 அடி. 9ஆம், 10ஆம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அவரில்லை, எங்களுக்கு இடப்பக்கமாக நிற்கிறவர். பூசிய வெள்ளைச் சாந்து இன்னும் உதிரவில்லை. சடைமுடியில் சின்னதாக ஒரு புத்தர். அவலோகிதேஸ்வரர்! பக்கத்தில் உடலை வளைத்து நிற்பவள் தாரா தேவி. வலப்பக்கத்தில் ஒருவரின் கையில் வச்சிராயுதம்.

இலங்கைப் பௌத்தம் என்றால் தேரவாதம் என்றுதான் பாடசாலையில் படித்தோம். இந்தப் பாறையில் நிற்பது மகாயானம். அநுராதபுரத்தில் மகாவிகாரை அதை எதிர்த்தது, அபயகிரி கதவைத் திறந்து வைத்திருந்தது.

விசயம் இனித்தான். 11ஆம் நூற்றாண்டில், சோழன் வீரராசேந்திரன் காலத்தில், புத்தமித்திரர் என்ற பௌத்தர் வீரசோழியம் என்று ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது சிவன் என்பது நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. புத்தமித்திரர் சொல்வது வேறு: அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதனிடம். இவரிடமேதான்.

இதை வைத்து, பாறையைச் செதுக்கியது தமிழர் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த விளையாட்டுக்கு இரண்டு பக்கமும் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் தமிழில் எழுதிய ஒருவர் தன் மொழியின் முதல் வாத்தியாராக நினைத்தவர் இவர். அதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.

நண்பனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பத்து நிமிசத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தான். நடுவில் இருந்தவரைப் பார்க்காமல் இடப்பக்கமே அண்ணாந்துகொண்டு நின்றான்.

"தமிழுக்கு எனக்கு எஸ் தான் வந்தது," என்றான். "இவருக்குச் சொல்லிப்போடாத."