வழுக்கினா போதுமா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை இன்னைக்கு சாதாரணமாயிடுச்சு. ஆனா அது ஒரு பெரிய தோல்வியிலிருந்து எழுந்தது.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, 1950களின் கடைசியில் இடுப்புக் கிண்ணத்தை டெஃப்லானில் செய்து பொருத்தினார். நல்லா வழுக்கும் பொருளாச்சே! வலி போச்சு, நோயாளிகள் நடந்தாங்க. சில வருஷத்துலயே டெஃப்லான் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன, வலி திரும்பியது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 300 பேர்.

1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இரண்டு பொருளையும் தன் தொடையிலேயே புதைத்தும் பார்த்தார்: டெஃப்லான் இருந்த இடம் முடிச்சாகத் தடித்தது, மற்றது சும்மா இருந்தது.

பாலிஎத்திலீன் டெஃப்லான் அளவுக்கு வழுக்காது. ஆனா தேய்வது மிகக் குறைவு. வழுக்குறது வேற, தேயாம உழைக்கிறது வேற. அந்த வித்தியாசத்துக்கு விலை கொடுத்தது நோயாளிகள்தான்.