ஏஐ-க்கு தயாராகும் பள்ளிகள்... எஸ்டோனியா ஆசிரியர்களை முதலில் பிடித்தது ஏன்?

ஹோம்வொர்க்கை ஏஐ-யிடம் கொடுத்தால் சில நொடிகளில் கட்டுரை ரெடி. இது மாணவர்களுக்கு நல்லாவே தெரியும். திருத்துற ஆசிரியருக்கு? சிக்கலே அங்கதான்.

இதை நேரடியாக கையில் எடுத்த நாடு எஸ்டோனியா. மக்கள் தொகை 14 லட்சத்தை தொடாத குட்டி நாடு. 1990-களில் 'புலிப் பாய்ச்சல்' திட்டம் மூலம் பள்ளிகளுக்கு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் கொண்டுபோனவர்கள், 2025 செப்டம்பரில் 'ஏஐ பாய்ச்சல்' தொடங்கினார்கள். முதல் கட்டத்தில் 10, 11-ம் வகுப்பு மாணவர்கள் சுமார் 20,000 பேர், ஆசிரியர்கள் 3,000 பேர். இதில் ஆசிரியர்களுக்குத்தான் முதலில் பயிற்சி.

தடை போட்டிருக்கலாமே?

போடலாம். வீட்டுக்குப் போய் செல்போனில் கேட்பதை யார் தடுப்பது?

ஆசிரியர் என்ன கத்துக்கணும்?

ஏஐ தப்பான பதிலையும் அடிச்சு சொல்லும். அதை கண்டுபிடிக்கத் தெரியணும். அதைவிட முக்கியம், கேள்வியை மாற்றுவது. 'மழைநீர் சேகரிப்பு பற்றி கட்டுரை எழுதுக' என்றால் ஏஐ எழுதிக் கொடுத்துவிடும். 'ஏஐ எழுதிய இந்த கட்டுரையில் நம்ம தெருவுக்கு பொருந்தாதது எது, ஏன்?' என்று வகுப்பிலேயே கேட்டால், மாணவர் யோசிச்சுத்தான் ஆகணும். இப்படி கேள்வி தயாரிக்க ஆசிரியருக்கு நேரம் வேணும். பல பள்ளிகளில் இல்லாததே அதுதான்.

இந்தியாவில்?

2026-27 கல்வியாண்டு முதல் 3-ம் வகுப்பிலிருந்தே ஏஐ பாடம் என மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. எஸ்டோனியா 3,000 பேரில் தொடங்கியது. இங்கே பள்ளி ஆசிரியர்கள் ஒரு கோடிக்கும் மேல்.